பூச்சியம் பைட்

“காத்து இல்லெண்டு சொல்லுது” என்கிறாள் ருஸ்னியா,
கிண்ணியாவிலிருந்து, தொலைபேசியில்.
இங்கே உவர்மலையில்
கச்சான் என் கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்குகிறது.
அவள் திரையில் மட்டும்
கடல்.காற்று என்றொரு மாடியூல் இல்லை.

அதை எழுதியவளே அவள்தான்.
அடைவு இருக்கிறது, கோப்பு இருக்கிறது,
பெயரில் எழுத்துப்பிழை இல்லை,
மூன்று தரம் பார்த்தாளாம்.
கடல்.அலை என்னுடையது. அது வருகிறது.
“ஒங்கட வருது, என்ட வரல்ல.
நான் கட்டின வீட்டுல எனக்கு எடமில்ல, பாருங்க.”

“என்ர மெஷின்ல ரெண்டும் ஓடுது” என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது,
இதே வசனத்தை எத்தனை பேர் சொல்லிக்
கழன்றிருப்பார்கள் என்று.

விடிய நாலு மணிக்கு
மூதூர்ப் படகுகளுக்குக் குறுஞ்செய்தி போகவேண்டும்.
இப்படியே விட்டால் அலை மட்டும் போகும்,
காற்றே இல்லாத ஒரு கடலாக.

கேச்சைத் துடைத்தாள். சூழலை அழித்துப் புதிதாய்க் கட்டினாள்.
பைதானை ஒரு படி ஏற்றினாள், இரண்டு படி இறக்கினாள்.
பத்தரைக்குப் போன கரண்ட்
பதினொன்றரைக்கு வந்தது.
கீழே தெருவில் மான்கள்
யாருடைய குப்பைப் பையையோ கிழித்துக்கொண்டிருந்தன.

“கடலையே கேளும்” என்றேன்,
“நீ எங்க இருக்கிறாய் எண்டு.”
பதில் ஒரு வரி. ஒரே விலாசம்.
நிறுவிய பொதிகள் குடியிருக்கும் இடம்,
என் அலை போய் இறங்கிய வீடு.
அவளுடைய அடைவு அதில் இல்லை.
என்னிடம் இரண்டையும் அந்த ஒரே வீட்டில் நிறுவியிருந்தேன்,
அதனால் சண்டை வெளியே கேட்கவில்லை.
அவளோ தன்னுடையதை
எழுதுகிற இடத்திலிருந்தே ஓடவிட்டிருந்தாள்.

பிறகு கண்டேன்.
என் பொதிக்குள், கடல் என்ற அடைவின் வாசலில்
ஒரு கோப்பு. முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு,
நடுவில் இனிட்.
அளவு: பூச்சியம் பைட்.
உள்ளே ஓர் எழுத்தில்லை, ஓர் இடைவெளிகூட இல்லை.

நான்தான் வைத்தேன், மார்ச் மாதம்,
யோசிக்காமல்,
வீட்டுக்குள் நுழைகிறவன் செருப்பைக் கழற்றுவதுபோல.

அதைக் கண்டதும் பைதான் தேடலை நிறுத்திவிடுகிறது:
கடல் இங்கேதான், முழுவதும் இங்கேதான்.
அடுத்த தெருவில் கடலின் மறுபாதி
கதவைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பதை
அது போய்ப் பார்ப்பதே இல்லை.

கொட்டியாரக் குடாவுக்கு
மூதூரில் ஒரு கரை, கிண்ணியாவில் ஒரு கரை.
தண்ணீருக்கு நடுவே யாரும் பலகை நடவில்லை.
நான் நட்டிருக்கிறேன்,
அதுவும் ஒரு சொல்கூட எழுதாத பலகை.

அழித்தேன். பொதி கட்டினேன். அனுப்பினேன்.

“இப்ப அலையும் இல்ல.”

சிரித்தாளா, தெரியவில்லை.
பொதியைப் பிரித்துப் பார்த்தேன்,
சிட்டை மட்டும் ஒட்டிய வெறும் பெட்டி.
கட்டும் கருவிக்கும் என் பழக்கம்தான்:
அந்த வெற்றுக் கோப்பு இல்லாத அடைவை
ஆளில்லாத காணி என்று தாண்டிப் போயிருக்கிறது.
அமைப்பில் ஒரு சொல்லை மாற்றவேண்டியிருந்தது.
அந்த ஒரு சொல்லைத் தேட
ஒன்றேகால் மணித்தியாலம்.

மூன்று இருபது.
மறுபடி கேட்கச் சொன்னேன். வாசித்தாள்.
இரண்டு விலாசம், ஒன்றின் கீழ் ஒன்று.
கடலே, நீ எந்தக் கோப்பு என்று
அவளாகவே ஒன்று கேட்டிருக்கிறாள்.
“ஒண்டுமில்லெண்டு சொல்லுது.
இது பிழையில்லத்தானே?”
“பிழையில்லை.”
கொஞ்ச நேரம் இருவரும் கதைக்கவில்லை.
அவள் பக்கத்திலும் எதுவோ தகரம் அடித்துக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு என் தொலைபேசியும் அதிர்ந்தது:
கொட்டியாரக் குடா. அலை மூன்றடி.
காற்று மேற்கிலிருந்து, மணிக்கு முப்பது கிலோமீற்றர்.

படுக்கப் போகுமுன்
என் மற்றப் பொதிகளிலும் தேடிப் பார்த்தேன்,
பூச்சியம் பைட்டில், வாசலில்,
நான் வைத்து மறந்தவை.

பதினொன்று.